சேணத்தின் இதயமும் விழுந்தது

எங்கள் ஊர் ஆக்-தெரெக்கில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்பெல்லாம் ஆட்டுச் சந்தை. இந்த இரண்டு வருடமாக இதயச் சந்தை. ஆடுகள் வருவதில்லை என்று சொல்லவில்லை. வருகின்றன. ஆனால் விற்பனைக்கு அல்ல, எர்மெக் என்கிற தபீப்பின், அதாவது நாட்டு வைத்தியரின், கொட்டிலுக்குக் காணிக்கையாக. சந்தைத் திடலின் ஓரத்தில் அவருடைய வெள்ளைக் கூடாரம் நிற்கும். வாசலில் ஒரு பதாகை:

'விழுந்த இதயம் தூக்கித் தரப்படும். ஏழு வாரம். ஏழாம் வாரம் முத்திரை. என் கை பட்டவர் எவரும் இதயத்தால் மாண்டதில்லை.'

விடிந்தும் விடியாமலும் வேன்கள் வந்து நிற்கும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். வரிசையில் நிற்கிறவர்களின் வாய் சும்மா இருக்குமா?

"போன வாரம் ஒரு போலீஸ்காரருக்கு இதயத்தைத் தூக்கினாராம்!"

"போலீஸ்காரருக்கு இதயம் இருந்துச்சா? அதைக் கண்டுபிடிச்சதே பெரிய வைத்தியம்தான்."

சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அதே வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்வார்கள். சிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் சிந்திக்கவும் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கண்மணிகளே.

பயந்துபோனவனை நாங்கள் 'இதயம் விழுந்துவிட்டது' என்போம். நாய் துரத்தினால் இதயம் விழும். ஆற்றில் வழுக்கினால் விழும். அதைத் தூக்க ஒரு வழியும் வெகுகாலமாக உண்டு. ஒரு கிண்ணம் நிறைய மாவு. மேலே துணியைப் போட்டு இறுக்கிக் கட்டுவது. கவிழ்த்து, நோயாளியின் நெஞ்சில் வைத்து, மந்திரம் முணுமுணுத்தபடி ஆட்டி ஆட்டி உருட்டுவது. பிறகு துணியை அவிழ்த்துப் பார்த்தால் மாவில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். அதுதான் இதயம் விழுந்த பள்ளம்! வாரம் ஒருமுறை உருட்ட உருட்டப் பள்ளம் சிறுக்கும். ஏழாம் வாரம் கிண்ணம் மட்டமாக இருக்கும். இதயம் ஏறி உட்கார்ந்துவிட்டது, அதுதான் முத்திரை. காணிக்கை ஆட்டை அவிழ்த்துக் கொடுக்கலாம்.

எர்மெக் என்றால் எங்கள் மொழியில் பொழுதுபோக்கு. பெற்றவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

இந்த மனிதர் ஊருக்கு வந்தபோது குடியிருப்புப் படிவத்தை வாங்கிப் பதிந்தவள் கலிபா. ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் எழுதுகிற எழுத்தர். 'முன்பு செய்த வேலை' என்ற கட்டத்தில் அவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: மாவரைக்கும் ஆலை. கலிபா அதை அன்றைக்கு ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலையில் வேலை பார்த்தவன் தபீப் ஆகக் கூடாதா? ஊராட்சித் தலைவரே முன்பு டிராக்டர் ஓட்டியவர்தான்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. கவலையின் பெயரை அவள் வாயால் சொல்ல முடியாது. ஏனென்றால் அது அவள் கணவனின் பெயர். மருமகளாக வந்த பெண் கணவன் பெயரையும் அவன் மூத்தவர்களின் பெயரையும் வாயால் சொல்வதில்லை எங்கள் பக்கத்தில். நாற்பது வருடமாக அவனை அவள் 'புள்ளைங்க அப்பா' என்றே கூப்பிட்டாள். நான் சொல்லலாம். தொக்தோசுன். 'நிற்கட்டும்' என்று பொருள். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட, சாவு இந்த வாசலோடு நிற்கட்டும் என்று வைத்த பெயர்.

தொக்தோசுன் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரை நடந்து போனால், கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கால் நொண்டுகிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குப் போன இலையுதிர் காலத்தில் மூச்சு வாங்கியது, படபடத்தது, கண் இருட்டியது. மருத்துவ உதவியாளர் பெய்ஷென் அவனை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே இதயத்துடிப்பை வரைபடம் எடுத்தார்கள். இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பெய்ஷென் அவனை 'பாய்கே', அண்ணே, என்று மரியாதையாகக் கூப்பிட்டு விளங்கும்படி சொல்ல நினைத்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

"ஒண்ணுமில்ல பாய்கே, உங்க இதயத்தோட மேலறை ஒழுங்கா அடிக்காம நடுங்குது."

நடுங்குகிறதா? வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சூராவுக்கு அது போதும். நடுக்கம் என்றால் பயம். பயம் என்றால் இதயம் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே கேள்வி: ஓநாய்க்குப் பயப்படாத தொக்தோசுனை எது பயமுறுத்தியது? ஒருவன் கரடி என்றான். ஒருத்தி மனைவி என்றாள்.

அவமானம் பொறுக்காமல் தொக்தோசுன் எர்மெக்கின் கூடாரத்துக்குப் போனான். கிண்ணம் உருண்டது. பள்ளம் விழுந்தது. எர்மெக் அதையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"உங்க வீட்டுல செத்தவங்க பேரு நடமாடுதே... யாரு கொண்டு வர்றாங்க?"

சுற்றி நின்ற கூட்டத்துக்குப் புல்லரித்தது. ஆகா, எப்படிக் கண்டுபிடித்தார்! ஊரில் இறப்புப் பதிவேடு எழுதுகிறவள் யார் என்பது ஆடுகளுக்குக்கூடத் தெரியும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்த மாத்திரையை நிறுத்துங்க," என்றார் எர்மெக். "என் மந்திரமும் அந்தச் சுண்ணாம்பும் ஒரே கொப்பரையில வேகாது."

தொக்தோசுன் நிறுத்திவிட்டான். மாத்திரைப் பெட்டியைச் சேணங்கள் தொங்குகிற அறையின் ஆணியில் மாட்டினான். மனைவியிடமும் சொல்லிவிட்டான்:

"கிழவி, அந்த நோட்டுல கைய வச்சுட்டு வந்து எனக்குச் சோறு போடாதே. கையைக் கழுவிட்டு வா."

"நாப்பது வருஷமா கழுவிட்டுத்தான் போடறேன். மாத்திரை முழுங்கினியா?"

"எனக்கு வேணாம். தபீப் சொன்னதைக் கேட்டியா? அவர்கிட்ட வந்தவங்கள்ல ஒருத்தர்கூட இதயத்தால சாகலை."

அந்த வாக்கியம் கலிபாவின் மனதில் முள்ளாக நின்றது. எழுதுகிறவளுக்கு எழுத்தின்மேல் ஒரு கண் உண்டு. ஆறாவது உருட்டலுக்கு மறுநாள், அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து, தன்னை 'எஜே', அக்கா, என்று அழைக்கிற பெய்ஷெனையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இரண்டு வருடத்தில் இறந்தவர்களில், இதயம் தாறுமாறாக அடித்தவர்கள், எர்மெக்கிடம் போனவர்கள் யார் யார் என்று இருவரும் விரலால் தேடினார்கள்.

ஐந்து பேர் கிடைத்தார்கள். அனார்கானின் கணவர் ராயிம்: மூளைக் குழாயில் இரத்தக்கட்டி. காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது, மூன்றாம் நாள் போய்விட்டார். பால் பண்ணை ஜூமாஷுக்கும் அதே எழுத்து. பாத்மா கிழவிக்கு இதயம் களைத்து, கால் வீங்கி, நுரையீரலில் நீர். வைக்கோல் போரிலிருந்து விழுந்தான் என்று ஊர் சொல்கிற சாதிர், விழுவதற்கு முன்பே இதயம் நின்று போனவன்.

"அஞ்சாவது, எண்பத்தாறு வயசு கிழவர். குளிர்காலத்து நுரையீரல் காய்ச்சல்," என்றார் பெய்ஷென். "இதை அந்த ஆள் தலையில போட வேணாம் எஜே. இந்த நோய் இருக்கிறவங்க வேற எதனாலயும் சாவாங்க."

"மத்த நாலு?"

பெய்ஷென் தலையைச் சொறிந்தார். "குதிரைப்பால் புளிக்கிற குமிஸ் தோல்பையைப் போறவங்க வர்றவங்க எல்லாம் கடைஞ்சுட்டே இருப்போம் இல்ல? விட்டா என்ன ஆகும்? அடியில கட்டி கட்டியா தேங்கிடும். நடுங்குற அறையில இரத்தம் அப்படித்தான் தேங்குது. ஒரு கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா ராயிம். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. இன்னொரு பக்கம், தாறுமாறா ஓடி ஓடி இதயமே களைச்சுப்போச்சுன்னா பாத்மா அபா. நெஞ்சைப் பிடிச்சுட்டு அந்த இடத்துலேயே சாவாங்கன்னு ஜனங்க பார்த்துட்டிருக்காங்க. சாவு பின்வாசல் வழியா வருது."

கலிபாவுக்கு இப்போது பதாகை புரிந்தது. மூளையில் போனால் அது தலை. நுரையீரலில் நீர் நின்றால் அது கால் வீக்கம். போரிலிருந்து விழுந்தால் அது வைக்கோல். இதயத்தால் ஒருவரும் மாண்டதில்லை! எவ்வளவு சுத்தமான கை!

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான்.

"ராயிமுக்கு மூளை. எனக்கு இதயம். ரெண்டும் ஒண்ணா?"

"இதயத்துல கிளம்பின கட்டிதான்யா மூளைக்குப் போனது!"

"நீ அந்த நோட்டை வச்சுப் பேசறே. தபீப் கண் முன்னால காட்டறாரு. முதல் வாரம் முட்டை அளவு பள்ளம். ஆறாவது வாரம் பட்டாணி அளவு. என் கண்ணை நம்பவா, உன் நோட்டை நம்பவா?"

பள்ளத்தைக் கலிபாவும் பார்த்திருக்கிறாள். பள்ளம் பொய்யில்லை. அதுதான் அவளைப் படுத்தியது.

சனிக்கிழமை கடைவீதிக்கு மாவு வாங்கப் போனாள். முன்னால் சூரா நின்றிருந்தாள். மாவுக்காரி கிண்ணத்தை மாவில் முக்கி, மேலே தடவி மட்டமாக்கி, சூராவின் பைக்கு மேலே கொண்டுபோனாள். சூரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டு! தட்டிக் குடு! காத்தை அளந்து விக்கிறியா?"

மாவுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். மாவு சடாரென்று இறங்கியது. விரல் ஆழத்துக்குப் பள்ளம்.

"பார்த்தியா கலிபா? முப்பது வருஷமா என்னை ஏமாத்தப் பார்க்கிறா. யாருகிட்ட!" என்றாள் சூரா பெருமையாக.

கலிபா பள்ளத்தைப் பார்த்தாள். சூராவைப் பார்த்தாள். போன மாதம்தான் தன் இதயத்தைத் தூக்கிக்கொள்ள ஒரு செம்மறியைக் கொடுத்துவிட்டு வந்தவள் இந்தச் சூரா. கலிபாவுக்குப் படிவத்தின் அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. மாவரைக்கும் ஆலை!

ஞாயிற்றுக்கிழமை. தொக்தோசுனுக்கு ஏழாம் வாரம், முத்திரை நாள். திடல் நிரம்பி வழிந்தது. எர்மெக் திரைக்குப் பின்னால் போய்க் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். நெஞ்சில் உருட்டினார். அவிழ்த்தார். மாவு மேசைபோல் மட்டம்!

"ஏறிடுச்சு! இதயம் ஏறிடுச்சு!" கூட்டம் கத்தியது. தொக்தோசுன் குதிரை ஜெயித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தினான்.

அப்போது கலிபா வந்தாள். ஒரு தோளில் கணவனின் சேணம். கக்கத்தில் பதிவேடு. கையில் கிண்ணமும் ஒரு பை மாவும்.

"தபீப், ஒரு சின்ன வேண்டுதல். இந்தச் சேணத்துக்கும் இதயம் விழுந்திருக்கான்னு பாருங்களேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எர்மெக்கும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "சேணத்துக்கு ஏது இதயம், எஜே?"

"அதான் நானும் கேக்கறேன். இதயம் இல்லாததுல பள்ளம் விழக் கூடாது இல்லையா?"

"மந்திரத்தை விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது."

"சரி, நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். ஆறு ஞாயித்துக்கிழமை கேட்டதுல எனக்கே பாடம் ஆயிடுச்சு."

மாவைச் சலித்துக் கிண்ணத்தில் பூப்போல நிரப்பினாள். துணியைக் கட்டினாள். சேணத்தின்மேல் கவிழ்த்து, "விழுந்தவனே எழு, எழுந்தவனே ஏறு" என்று அவரைப்போலவே மூக்கால் முணுமுணுத்து உருட்டினாள். அவிழ்த்துத் தூக்கிக் காட்டினாள்.

இடது பக்கம், முட்டை அளவு பள்ளம்.

முதலில் எழுந்தது சூராவின் குரல்: "ஐயோ பாவம், சேணம்! அது எதைப் பார்த்துப் பயந்துச்சோ!"

சிரிக்காதீர்கள் கண்மணிகளே. கூட்டத்தில் பாதிப்பேர் அதே இரக்கத்தோடு சேணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்மெக்கும் அதையே பிடித்துக்கொண்டார்:

"பார்த்தீங்களா? பயந்த குதிரையோட சேணம்! குதிரையோட பயம் தோல்ல இறங்கியிருக்கு!"

"அப்படியா? அப்ப பயமே இல்லாத ஒருத்தர் நெஞ்சுல வைப்போம்," என்றாள் கலிபா. "உங்க நெஞ்சுல."

எர்மெக் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் பின்னால் கூட்டம். அதுவும் அவரே சேர்த்த கூட்டம்! வேடிக்கை என்றால் எங்கள் ஆட்கள் வழிவிட மாட்டார்கள். மறுபடி மாவைச் சலித்தாள், நிரப்பினாள், கட்டினாள், அவருடைய பட்டு அங்கியின்மேல் உருட்டினாள். அவிழ்த்தாள்.

சேணத்தைவிடப் பெரிய பள்ளம்.

"தபீப், உங்களுக்கும் விழுந்துடுச்சே! உங்களுக்கு யாரு தூக்குவா?"

இப்போது கூட்டம் உண்மையாகவே சிரித்தது. கலிபா விடவில்லை. மூன்றாவது முறை கிண்ணத்தை நிரப்பினாள். இந்த முறை கட்டைவிரலால் அழுத்தி, தட்டி, மேலும் போட்டு, மேலும் அழுத்தி. அதைச் சேணத்தில் உருட்டி அவிழ்த்தாள். மட்டம்!

"சேணத்துக்கு ஏறிடுச்சு. ஏழு வாரம் வேணாம், ஒரு கட்டைவிரல் போதும். சூரா எஜே, நேத்து மாவுக்காரிகிட்ட என்ன சொன்னீங்க?"

சூராவின் முகத்தில் ஏதோ மெல்ல இறங்கி உட்கார்ந்தது, தட்டின மாவைப்போல.

"தட்டிக் குடுன்னு சொன்னேன்," என்றாள். பிறகு எர்மெக்கைப் பார்த்துத் திரும்பினாள். அந்தப் பார்வையில் முப்பது வருடக் கடைவீதி இருந்தது. "அட நாசமாப் போறவனே! காத்தை அளந்தா என் செம்மறியை வாங்கினே?"

எர்மெக் இரண்டு கையையும் தூக்கினார். "மாவை விடுங்க! மாவு ஒரு அடையாளம்தான். பதாகையைப் பாருங்க! என் கை பட்டவங்க யாராவது இதயத்தால செத்திருக்காங்களா? காட்டச் சொல்லுங்க அந்த எஜேயை!"

கலிபா பதிவேட்டைத் திறந்தாள். செத்தவர்களின் வீட்டார் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்பதால் குரலை உயர்த்தாமல் படித்தாள். மூளையில் கட்டி. மூளையில் கட்டி. நுரையீரலில் நீர். திடீரென நின்ற இதயம்.

"வைக்கோல் போர்!" என்றார் எர்மெக். "அவன் போர்ல இருந்து விழுந்தான்! மத்தது தலை, காலு! இதயம் எங்கே?"

ராயிமின் மனைவி அனார்கான் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். கறுப்புத் தலைத்துணி. சண்டை போடுகிற பெண் இல்லை அவள்.

"என் வீட்டுக்காரருக்கு நீங்க முத்திரை வச்சது ஞாயித்துக்கிழமை," என்றாள். "அன்னைக்கு மாத்திரையை அடுப்புல போட்டாரு. நாலாவது வாரம் தேநீர்க் கிண்ணம் கையில இருந்து நழுவுச்சு. வாயி கோணிப்போச்சு. என் பேரைச் சொல்ல மூணு நாள் முயற்சி பண்ணாரு. வரலை. அது தலைன்னு சொல்றீங்க. சரி. அவரை உங்ககிட்ட கூட்டிட்டு வந்தது என் காலு. அதை மட்டும் எந்த நோட்டுல எழுதறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் தொக்தோசுன் அசையவில்லை. ஊர் முன்னால் குணமானவன், அதே ஊர் முன்னால் நோயாளியாக வேண்டுமா? "எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தான். "படபடப்பு இல்ல. நான் வேற, ராயிம் வேற."

கலிபா பதிவேட்டைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்தை அவன் முன்னால் நீட்டினாள். அவளுக்குப் பயம்தான், ஆனால் எந்தக் கிண்ணத்திலும் பள்ளம் காட்டாத பயம்.

"அடுத்த பேரு இங்க வரும். நான்தான் எழுதணும், வேற எழுத்தர் கிடையாது. நாப்பது வருஷமா உன் பேரை வாயால சொன்னதில்ல. முதல் முதலா இதுல எழுத வச்சிடாதே. அதுக்கு முன்னால ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன்." மூச்சை இழுத்தாள். "தொக்தோசுன்."

மாவுக்குக்கூட இப்படி அதிரவில்லை கூட்டம். ஒரு மனைவி, ஊர் நடுவில், கணவன் பெயரை! கிழவிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி எச்சில் துப்பினாள். தொக்தோசுனின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"தொக்தோசுன்," என்றாள் மறுபடி, மெதுவாக. "வேலிக்கு அந்தப் பக்கம் போற குதிரையோட நொண்டலைக் கேட்டவன்தானே நீ. உன் கையைப் பிடிச்சு நீயே கேட்டுச் சொல்லு. பெய்ஷென் வேணாம், தபீப் வேணாம், நான் வேணாம்."

அவன் வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான், குதிரைக்குச் செய்வதுபோல. உதடு அசைந்தது. இரண்டு அடி, ஒரு இடறல். நாலு அடி, அவசரம். ஒன்று, காணவில்லை. மூன்று.

கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இருந்தது. மனைவிமேல் இல்லை.

"நொண்டுது," என்றான். "எந்தக் காலுன்னே சொல்ல முடியாதபடி நொண்டுது. இதை வச்சுக்கிட்டா நான் ஜெயிச்ச குதிரைன்னு நின்னேன்?" எர்மெக்கிடம் திரும்பினான். "நொண்டிக் குதிரைக்குச் சாயம் பூசி விக்கிறவனைச் சந்தையில நாங்க என்ன செய்வோம், தெரியுமா?"

எர்மெக்குக்குத் தெரிந்திருந்தது. அங்கியின் நுனியைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்த வேகத்தில், விழுந்த இதயம் எதுவும் அவர் காலைத் தடுக்கவில்லை. கொட்டிலைத் திறந்துவிட்டவள் சூரா. தன் செம்மறியை மட்டும் அவிழ்க்கப் போனவள் மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டாள். ஆடுகள் மட்டும் எந்த மந்திரமும் கேளாமல் நேராக வீட்டுக்குப் போயின.

சேணத்தோடு கலிபா ஆணியிலிருந்து எடுத்துவந்திருந்த மாத்திரைப் பெட்டியைத் தொக்தோசுன் அந்த நேரமே வாங்கி வாயில் கொட்டிக்கொள்ளப் பார்த்தான். கூட்டத்தில் நின்ற பெய்ஷென் கையைப் பிடித்தார்.

"விட்டதை எல்லாம் சேர்த்து முழுங்கறதா? நாளைக்கு மாவட்டத்துக்குப் போவோம். இரத்தம் பார்த்துட்டு, டாக்டர் சொல்ற அளவுதான். அவசரத்துல ஒரு மந்திரத்தை விட்டு இன்னொண்ணுல விழாதீங்க பாய்கே."

வீட்டுக்குப் போகிற வழியில் சேணத்தை அவன் சுமந்தான். பதிவேட்டை அவள் சுமந்தாள். பாதி தூரம் போனபிறகு அவன் கேட்டான்:

"இன்னொரு தடவை சொல்லுவியா?"

"எதை?"

"பேரை."

"மாத்திரையை நீ தினமும் முழுங்கினா, தினமும் சொல்றேன்," என்றாள் கலிபா. சொல்லவும் செய்தாள், ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு பழகிக்கொண்டது.

எர்மெக் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் கல்லீரல் தூக்குகிறாராம். அங்கேயும் வேன்கள் வருகின்றனவாம். வரட்டும், அவர்களுக்கும் கடைவீதி இருக்கிறது, மாவுக்காரி இருக்கிறாள். ஒரு கிண்ணம் மாவு வாங்கும்போது ஏமாறாதவர்கள்தான் நாம் எல்லோரும், கண்மணிகளே. அடுத்த முறை எவனாவது உங்கள் உயிரைக் கிண்ணத்தில் அளந்து கொடுக்க வந்தால், அதே வாயைத் திறந்து அதே வார்த்தையைச் சொல்லுங்கள்: தட்டிக் காட்டு!